வைத்தியரம்மாவின் அரிசிப் பை

மலைக்கணவாய்க்குக் கீழே ஒரு சீனச் சிற்றூர். அங்கே ஷென் என்ற வைத்தியரம்மாவிடம் முழங்கால் வலிக்காரர்கள் வருவார்கள். அவர் மருந்து தருவதில்லை, ஊசி குத்துவதில்லை. தள்ளுவது, உருட்டுவது, பிடித்துவிடுவது எல்லாம் கையால்தான்.

அவருடைய சீடர் பாங். முன்பு கல் உடைத்தவர். அம்மாவைவிட வயதில் மூத்தவர். அந்த வைத்தியத்தில் புதிதாகச் சேர்ந்தவர் ஆளைத் தொடக்கூடாது. அரிசி நிரப்பிய துணிப்பையில்தான் கை பழக வேண்டும்.

குளிர்காலம் முழுவதும் பாங் தரையில் மண்டியிட்டுப் பையை உருட்டினார், அழுத்தினார். அதில் அவருடைய முழங்காலே பிடித்துக்கொண்டது. வெளியே சொல்லவில்லை. வைத்தியம் படிக்க வந்தவனுக்கே முழங்கால் வலி என்றால் ஊர் சிரிக்காதா? அம்மா திருப்பி அனுப்பிவிட்டால்?

"ஆளைத் தொட எப்போது விடுவீர்கள்?" என்று அன்று காலையிலும் கேட்டார்.

அந்த நேரம் பார்த்து, கழுதைக்காரர் குவோ நொண்டிக்கொண்டு உள்ளே வந்தார்.

"வைத்தியரம்மா, வலது முழங்கால் மடங்கமாட்டேன் என்கிறது. இருட்டுவதற்குள் கணவாயைத் தாண்டியாக வேண்டும். என் கழுதை என்னைப் பார்த்துச் சிரிக்கிறது."

"பாங், நீங்கள் பாருங்கள்" என்றார் ஷென்.

பாங் குவோவின் முழங்காலருகே மண்டியிட்டார். பையில் பழகியபடியே கட்டைவிரலை ஊன்றி, இம்மியும் பிசகாமல் அழுத்தினார். குவோ கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கிறது, அண்ணே?"

"நன்றாக இருக்கிறது."

பாங் பெருமையோடு நிமிர்ந்தார். "பார்த்தீர்களா அம்மா? ஒரு சத்தம் இல்லை."

"பையும் சத்தம் போட்டதில்லை. இப்படி வந்து உட்காருங்கள்."

பாங் உட்கார்ந்ததும் ஷென் அவருடைய முழங்காலில் கட்டைவிரலை ஊன்றினார். அதே இடம். அதே அழுத்தம். பாங்குக்குக் கண் இருட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

"வலிக்கிறதா?"

"இல்லை அம்மா."

ஷென் திரும்பினார். "குவோ, நீங்கள் சொல்லுங்கள். இவருக்கு வலிக்கிறதா?"

"உயிர் போகிறது! மூச்சை அடக்கிக்கொண்டு கூரையைப் பார்க்கிறாரே. நானும் சற்றுமுன் அப்படித்தான்..." குவோ பாதியில் நிறுத்தினார். அவர் காது சிவந்துவிட்டது.

பாங் தலையைக் குனிந்துகொண்டார்.

"குளிர்காலம் முழுவதும் இந்த வலிதான்" என்றார் மெதுவாக. "அனுப்பிவிடுவீர்களோ என்று..."

ஷென் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கி அவருடைய முழங்காலின் மேல் வைத்தார். அழுத்தவில்லை. சும்மா வைத்திருந்தார். பாங்கின் மூச்சு தானாக இறங்கி வந்தது.

பிறகு பாங் எழுந்து குவோவிடம் போனார். தம் கைகளையும் தேய்த்துச் சூடாக்கி மறுபடி அழுத்தினார். இந்தத் தடவை அவர் பார்வை முழங்காலில் இல்லை. குவோவின் முகத்தில் இருந்தது.

"ஐயோ!" என்றார் குவோ.

பாங்கின் விரல் உடனே தளர்ந்தது.

"ஆங்... இப்போது சரி. இப்படியே செய்யுங்கள்."

வெகுநேரம் கழித்து அந்த முழங்கால் கொஞ்சம் மடங்கியது. குவோ தாமே மறுபடி மடக்கிப் பார்த்தார்.

"நான் கத்தினதை மட்டும் கழுதையிடம் சொல்லிவிடாதீர்கள்."

பாங் சிரிக்கவில்லை. தயங்கித் தயங்கி மூலையில் இருந்த பையை எடுத்து வந்தார்.

"அம்மா, மறுபடியும் முதலிலிருந்து பழகட்டுமா?"

ஷென் பையை வாங்கித் தையலைப் பிரித்தார்.

"இந்த அரிசியை நன்றாகக் களைந்து உலையில் போடுங்கள். குவோவும் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும்."