பிள்ளை சுமந்த ராசா

ரொம்ப காலத்துக்கு முன்னாடி கோடைமங்கலம்னு ஒரு நாடு. அதை ஆண்டது சூரப்ப ராசா. காலையில அவர் கண்ணுல எது பட்டாலும் சாயங்காலம் அது சட்டமாயிடும். ஒருதரம் கொக்கு ஒத்தக் கால்ல நிக்கிறதைப் பாத்துட்டு, காவக்காரங்க எல்லாரும் அப்படியே நிக்கணும்னுட்டாரு. அன்னிக்குத் திருடன் பூந்து சமையக்கட்டு அண்டாவைத் தூக்கிட்டுப் போறான், துரத்துறவனுக்கெல்லாம் கால் மரத்துக் கிடக்கு. அந்த அண்டா யாரு வீட்டுல கிடைச்சதுங்கறது தனிக் கதை, அது கிடக்கட்டும்.

அந்த ராசாவுக்குக் கல்யாணமாகிப் பன்னெண்டு வருஷம் கழிச்சு ஒரு ஆம்பளைப் பிள்ளை பொறந்துச்சு. பிரசவம் பாத்தவ மருத்துவச்சி சடச்சி. சந்தோஷத்துல ராசா அவளுக்கு ஆத்தங்கரை மாந்தோப்பைக் குடுத்துட்டாரு. சேனாதிபதி வீரமுடையானுக்கு வயிறு எரிஞ்சுச்சு. அந்தத் தோப்பு மேல அவருக்கு ஏழு வருஷமா கண்ணு.

பதினோராம் நாள் ராசா மாட்டுக்கொட்டடிக்குப் போனாரு. அப்பத்தான் ஒரு பசு கன்னு போட்டுச்சு. தாய் நக்கிக் குடுக்க, கன்னு எந்திரிச்சு, விழுந்து, மறுபடி எந்திரிச்சு, மடியை முட்டிப் பால் குடிக்குது. ராசா நேரா தொட்டில்கிட்ட வந்தாரு. இளவரசர் கழுத்தே நிக்காம படுத்துக் கிடந்தாரு.

சபையில சேனாதிபதி மெதுவா ஆரம்பிச்சாரு. "குதிரைக்குட்டியும் பொறந்த அன்னிக்கே ஓடுது மகாராஜா. இது மருத்துவச்சி அவசரப்பட்டு அரைவேக்காட்டுல எடுத்த வேலை."

சடச்சியைக் கூப்பிட்டாங்க. "மூணு நாள்ல என் மகன் நடக்கணும். இல்லேன்னா நீ ஊரை விட்டுப் போ. தோப்பு சேனாதிபதிக்கு" அப்படின்னாரு ராசா.

சடச்சி வீட்டுல புருஷன் வாதத்துல கால் விழுந்து நாலு வருஷமா கிடக்கான். அவனைத் தூக்கிக்கிட்டு எந்த ஊருக்குப் போறது? பிள்ளைங்க பொதுவா ஒரு வருஷத்துலதான் நடக்கும்னு சொன்னா இந்த மனுஷன் கேக்கவா போறாரு? அவ சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகினா.

"சேனாதிபதி சொன்னது நெசந்தான் சாமி. பிள்ளை பாதியிலதான் வந்திருக்கு."

"பாத்தீங்களா, அவளே ஒத்துக்கிட்டா" அப்படின்னாரு சேனாதிபதி.

"இன்னும் முடிக்கல ஐயா. கன்னுக்குட்டியைப் பசு வயித்துலயே முழுசா முடிச்சு அனுப்புது. கோழிக்குஞ்சு முட்டையை விட்டு வந்ததும் கொத்துது. ஆனா புறாக்குஞ்சு? கண்ணு தெறக்காம, மேல ஒழுங்கா இறகில்லாம கிடக்கும். பூனைக்குட்டியும் குருடு. அதனாலதான் தாய்ப்பூனை கவ்விக்கிட்டு ஏழு வீடு மாத்துது. மனுஷப் பிள்ளையும் இந்தக் கூட்டந்தான். பாதி உள்ள, பாதி வெளிய. மகாராணி பத்து மாசம் சுமந்தாச்சு. மிச்சம் பத்து மாசம் தகப்பன் பங்கு."

"யாரு, நானா?"

"வேற யாரு சாமி? மூணு நாள் சுமந்து பாருங்க. நாலாம் நாள் பிள்ளையைக் கீழ வைக்கணும்னு தோணுச்சுன்னா நானே கிளம்பிடறேன்."

ராசாவுக்குப் புது விஷயம்னா உடனே பண்ணணும். பிள்ளையை வாங்கிக்கிட்டாரு. மொத நாள் கழுத்தை எப்படித் தாங்குறதுன்னு தெரியாம சிம்மாசனத்துல வேர்த்து வழிஞ்சாரு. ரெண்டாம் நாள், "என்கிட்ட குடுங்க, நிக்க வச்சுக் காட்டுறேன்"னு சேனாதிபதி வாங்க, பிள்ளை அவர் புதுப் பட்டு மேல ஒண்ணுக்குப் போயிருச்சு. மூணாம் நாள் அது ராசாவோட மீசையைப் பிடிச்சுக்கிட்டே தூங்கிப்போச்சு. மீசையை விடுவிக்க மனசில்லாம ராசா மத்தியானச் சோத்தையே விட்டுட்டாரு.

நாலாம் நாள். சடச்சி விடியறதுக்கு முன்னாடியே அரண்மனை வாசல்ல வந்து நின்னா. தோப்புல மாங்கா பறிக்கச் சேனாதிபதி அப்பவே ஆளு அனுப்பியாச்சு. வந்ததும் வராததுமா அவர் போர்க்களத்துக் குரல்ல, "மகாராஜா, கெடு முடிஞ்சுது. பிள்ளையைக் கீழ விடுங்க" அப்படின்னாரு.

"கத்தாதய்யா, தூங்குறான்" அப்படின்னாரு ராசா.

சடச்சிக்கு மூச்சு வந்துச்சு.

"ஆமா, நீ எப்பய்யா நடந்த?" ராசா கிசுகிசுன்னு கேட்டாரு.

"நானா? அஞ்சாம் மாசமே."

"இவரையும் நாந்தான் எடுத்தேன்" அப்படின்னா சடச்சி. "ரெண்டரை வயசு வரைக்கும் உக்காந்தே தேச்சுக்கிட்டுப் போவாரு. அது தேஞ்சு கிழிஞ்சு, இவங்க ஆத்தா வாரம் ஒரு புதுக் கோமணம் கட்டிவிடுவா."

சபையில ஒருத்தர் சத்தமா சிரிக்கணுமே. பிள்ளை முழிச்சுக்கும்னு ராசா உதட்டு மேல விரலை வச்சுட்டாரு. எல்லாரும் துண்டை வாயில அடைச்சுக்கிட்டுக் குலுங்குறாங்க.

தோப்பு சடச்சிக்கே நிலைச்சுது, கூடவே அவ புருஷனுக்கு ஒரு பல்லக்கு. பிள்ளை முழுசா வளந்து நடக்குற வரைக்கும் நாட்டுல யாரும் குரலை உசத்தக் கூடாதுன்னு உத்தரவும் வந்துச்சு. பத்து மாசம் சேனாதிபதி தன் படையை நடத்துனது ஒவ்வொரு சிப்பாய் காதுகிட்டயும் போயி, "வலது பக்கம் திரும்புப்பா" அப்படின்னு கிசுகிசுத்துத்தான்.