ரெண்டாவது பொட்டலம்

கடலோரக் கிறிஸ்தவக் கோயில் பங்கு ஒன்றில் தொபியாஸ் என்றொருவர் இருந்தார். போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். உத்தியோகம் போனாலும் அந்தக் கண் போகவில்லை. மருமகள் காபி கொண்டுவந்து வைத்தால்கூட, எதற்கு அடி போடுகிறாளோ என்றுதான் முதலில் தோன்றும்.

ஒருநாள் காலைப் பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் ரெமிஜியுஸைப் பார்க்கப் போனார். ஃபாதருக்கு அவருடைய மகன் வயதுதான். இருந்தாலும் தொபியாஸ் கையைக் கட்டிக்கொண்டே நின்றார்.

“ஃபாதர், நானும் கொடுக்கத்தான் செய்றேன். கோயிலுக்குக் கொடுத்திருக்கேன். அநாதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கேன். கொடுத்துட்டு வீடு வந்து சேரதுக்குள்ள, ஏமாந்துட்டமோன்னு உள்ள ஒரு அரிப்பு. தாராள மனசு எப்படி ஃபாதர் வரும்?”

“தவக்காலம் முடியிற வரைக்கும் மத்தியானச் சாப்பாட்டை நீங்க கொடுங்க ஏட்டையா,” என்றார் ஃபாதர்.

கோயில் மண்டபத்தில் இல்லாதவர்களுக்குச் சாப்பாடு கொடுப்பார்கள். ஆளுக்கு ஒரு பொட்டலம். வீட்டில் நடக்க முடியாத யாராவது படுத்திருந்தால் அவருக்கும் ஒன்று. தொபியாஸ் மேஜைக்குப் பின்னால் நின்று, முகங்களைப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தார்.

வரிசையில் கித்தேரியம்மாள் என்று ஒருத்தி வருவாள். மீன் கூடை சுமந்து கால்முட்டு தேய்ந்து போனவள்.

“எனக்கொண்ணு. வீட்டுக்காரருக்கு ஒண்ணு. கால் விளங்காமக் கிடக்காரு.”

தரையைப் பார்த்துத்தான் சொல்வாள். தரையைப் பார்த்துப் பேசுகிறவர்களைத் தொபியாஸ் சர்வீஸில் நிறையப் பார்த்திருக்கிறார். படுக்கையில் கிடக்கிறவனுக்குக் கொஞ்சம் குழைந்த சோறாக வேண்டுமென்று ஒருநாளாவது கேட்க மாட்டாளா ஒருத்தி? தைல வாடை அவள் சேலையில் அடிக்காதா? பொட்டலத்தைக் கொடுத்தார். கொடுத்த கை உறுத்தியது.

ஒரு மத்தியானம் அவள் பின்னாலேயே போனார். உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கிக்குப் பின்னால் ஓலை வேய்ந்த ஒற்றை அறை. அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பேச்சுச் சத்தம் எதுவும் வெளியே கேட்கவில்லை. தெரு முக்கில் இருந்த டீக்கடைக்காரரிடம் சும்மா கேட்பதுபோலக் கேட்டார்.

“கித்தேரி புருஷனா? அவரைப் பாக்கணும்னா கல்லறைத் தோட்டத்துக்குல்லா போகணும்,” என்றார் டீக்கடைக்காரர்.

தொபியாஸ் கல்லறைத் தோட்டத்துக்கும் போனார். சிலுவையில் எழுதியிருந்த பெயரைக் குனிந்து வாசித்தார். அவருக்கு வருத்தமாக இல்லை. திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த அந்தப் பழைய சந்தோஷம்தான் நெஞ்சில் ஏறியது.

மறுநாள் அவள் முறை வந்தது.

“வீட்டுக்காரர் எப்படி இருக்காரு?”

“அப்படியேதான் கிடக்காரு.”

“எங்க? கல்லறைத் தோட்டத்துலயா?”

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கித்தேரியம்மாள் நீட்டிய பையை மடக்கினாள். தனக்கு உரிய ஒரு பொட்டலத்தைக்கூட வாங்காமல், கால்முட்டைப் பிடித்துக்கொண்டு படி இறங்கிப் போனாள். அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

தொபியாஸ் ஃபாதரிடம் போய்ச் சொன்னார். அறிக்கை கொடுக்கிற குரல்.

“அவ புருஷன் செத்து வருஷமாகுது ஃபாதர். செத்தவன் பேரைச் சொல்லி வாங்கித் தின்னுருக்கா.”

“தெரியும். அடக்கப் பூசை வச்சது நான்தான்.”

தொபியாஸுக்குச் சுருக்கென்றது. தெரிந்தும் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தார்? இன்னும் எத்தனை பேருடைய பொய்க்கு இவர் துணை? அன்றைக்கு முதல்முறையாக ஒரு குருவானவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“மத்தியானம் இங்கயே சாப்பிடுங்க,” என்றார் ஃபாதர். “அப்புறம் ஒரு இடத்துக்குப் போவோம்.”

சாமியார் தங்கும் அறைவீட்டில் நெத்திலிக் குழம்பு. ஃபாதர் வற்புறுத்திப் போட்டார். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வெயிலில் நடந்தார்கள். உப்புக் கிட்டங்கியைத் தாண்டும்போதுதான் எங்கே போகிறோம் என்று தொபியாஸுக்குப் புரிந்தது. விசாரிக்கத்தான் கூட்டிப் போகிறார் என்று நினைத்துக்கொண்டார்.

கித்தேரியம்மாள் வாசலுக்கு வந்தாள். தொபியாஸைக் கண்டதும் முகம் கறுத்தது.

“கித்தேரி, கஞ்சி இருக்கா? ரெண்டு பேருக்கு,” என்றார் ஃபாதர்.

தொபியாஸ் திரும்பி அவரைப் பார்த்தார்.

அவள் விலகி வழிவிட்டாள். “வாங்க சாமி. வாங்க ஏட்டையா.”

பாயில் உட்கார்ந்ததுமே தொபியாஸின் கண் அறையைச் சுற்றியது. அடுப்பில் ஒரு சட்டி. பரணில் மூடி போட்ட பானை ஒன்று. அதில்தான் அரிசியை ஒளித்து வைத்திருப்பாள்.

அவள் அந்தப் பார்வையைப் பிடித்துவிட்டாள். பானையை இறக்கி மூடியைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள்.

“தண்ணிதான் ஏட்டையா. குடிக்கதுக்கு.”

அடுப்புச் சட்டியை எடுத்து இரண்டு தட்டிலும் கஞ்சியைச் சாய்த்தாள். ஃபாதர் தட்டில் குறைவாக விழுந்ததுபோல இருந்தது. சட்டியை வழித்து அதில் போட்டாள். துவையலையும் இரண்டாகப் பங்கிட்டாள். அம்மியில் ஒட்டியிருந்ததுகூட மிச்சமில்லை.

ஃபாதர் சாப்பிட்டார். நிதானமாக, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். தொபியாஸ் தட்டில் இன்னும் கை வைக்கவில்லை.

“சாப்பிடுங்க ஏட்டையா,” என்றாள் அவள். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னாள்: “மத்தியானத்துக்கு ஒண்ணு, ராத்திரிக்கு ஒண்ணுன்னுதான் வாங்குனேன். எனக்கே ரெண்டு வேணும்னு கேக்க நாக்கு எழல. அதான் அவரைத் துணைக்கு இழுத்தேன். உசுரோட இருந்தப்பவும் சாப்பாடு கொண்டுவந்து போட்டவருதானே.”

தொபியாஸ் குனிந்துகொண்டு கஞ்சியைக் குடித்து முடித்தார்.

கை கழுவ அவள்தான் தண்ணீர் ஊற்றினாள். ஃபாதருடைய கையில் ஊற்றும்போது லேசாகச் சிரித்தாள்.

“நெத்திலிக் குழம்பா சாமி? வாசல்ல நிக்கையிலேயே மணந்துது.”

“ஆமா கித்தேரி.”

“கஞ்சி போதுமா? பசி அடங்குச்சா?”

“அடங்குச்சு.”

தொபியாஸ் கைக்கும் அவள் அதே அளவு தண்ணீர்தான் ஊற்றினாள்.

கிட்டங்கிச் சுவர் வரைக்கும் இருவரும் நடந்தார்கள். அதற்கு மேல் தொபியாஸால் பொறுக்க முடியவில்லை.

“ஃபாதர், நீங்க செஞ்சது எனக்குச் சரியாப் படல. நம்ம வயிறு நிறைஞ்சு கிடக்கு. அவ சட்டியில இருந்ததை எல்லாம் வழிச்சுப் போட்டுட்டா. இப்ப ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டா. ராத்திரிக்கு என்ன செய்வா அவ?”

ஃபாதர் நின்றார்.

“இந்தக் கேள்விய அன்னைக்கு வரிசையில கேட்டிருக்கலாம் ஏட்டையா.”