புஷ்பராஜ் சாரின் எருமை

எங்கள் தொடக்கப் பள்ளியில் ஒரு குருவும் ஒரு சிஷ்யரும் இருந்தார்கள். குருவுக்கு முப்பது வயதுதான் இருக்கும். சிஷ்யர் ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலமே பாக்கி.

குரு மெஹருன்னிசா. ஓவிய டீச்சர். பகுதிநேர வேலை, வாரத்தில் சில நாள் பஸ் ஏறி வருவார். சிஷ்யர் புஷ்பராஜ் சார். மூன்றாம் வகுப்பு வாத்தியார். வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தே தலை நரைத்த மனுஷன்.

மெஹர் டீச்சர் கைவேலை வகுப்பு எடுக்க வந்தால் மற்றவர்கள் எல்லாம் டீ குடிக்கப் போய்விடுவோம். நான் ஒன்றாம் வகுப்பு டீச்சர். அந்த ஒரு பீரியட்தான் எனக்கு மூச்சு விட நேரம். சார் மட்டும் போகமாட்டார். பிள்ளைகளோடு கடைசி வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். அவர்கள் காகிதம் மடித்தால் இவரும் மடிப்பார். அவர்கள் இலையில் சாயம் தடவி நோட்டில் ஒற்றினால் இவரும் ஒற்றுவார்.

"என்ன சார், இந்த வயசுல சிஷ்யப்பிள்ளையா?" என்று ஒருநாள் கிண்டல் பண்ணினேன்.

"நான் படிக்கறப்ப இதெல்லாம் யாரு டீச்சர் சொல்லிக் குடுத்தா? பேசாம போங்க" என்றார்.

நாளாக ஆக அவருக்குக் கை நன்றாகப் படிந்துவிட்டது. அதுதான் வினையாகப் போனது.

அந்த வருஷம் சுற்றுவட்டாரப் பள்ளிகளின் கைவினைக் கண்காட்சி எங்கள் பள்ளியில் நடப்பதாக இருந்தது. வகுப்புக்கு ஒரு பொருள் வைக்கவேண்டும். செய்த பிள்ளை அதன் பக்கத்தில் நின்று அதிகாரி கேட்பதற்குப் பதில் சொல்லவேண்டும். பழைய பேப்பரை ஊறவைத்து இடித்து, வெந்தயம் அரைத்துச் சேர்த்துப் பிசைந்தால் சப்பாத்தி மாவு மாதிரி ஒரு கூழ் வரும். அதில் ஆளுக்கொரு மிருகம் செய்யச் சொன்னார் மெஹர் டீச்சர். மூன்றாம் வகுப்பில் சங்கவி செய்த எருமை நன்றாக இருந்தது. அதையே எடுத்து வைத்தார்கள்.

நன்றாக இருந்தது என்றால், எருமை என்று தெரிந்தது. வயிறு ஒரு பக்கம் தொங்கியது. ஒரு கொம்பு மேலே பார்த்தது, இன்னொரு கொம்பு கன்னத்தோடு ஒட்டித் தொங்கியது.

சனி, ஞாயிறு லீவில் புஷ்பராஜ் சார் அதை வீட்டுக்கு எடுத்துப் போனார். திங்கட்கிழமை கொண்டுவந்து மேஜைமேல் வைத்தபோது எல்லோரும் வாயைப் பிளந்தோம். கொம்பு இரண்டும் அரிவாள் மாதிரி வளைந்து ஜோராக நின்றன. வயிறு உருண்டையாக இருந்தது. கறுப்புப் பெயின்ட், அதற்குமேல் வார்னிஷ். கழுத்தில் பித்தளை மணி வேறு.

"முதல் பரிசு நமக்குத்தான்" என்றார் தலைமை ஆசிரியர்.

சங்கவி அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். தொங்கிய கொம்பு இருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

மறுநாள் சார் அவளை நிறுத்தி ஒத்திகை பார்த்தார். "சொல்லு தாயி. வணக்கம்..."

"வணக்கம். என் பெயர் சங்கவி. நான் மூன்றாம் வகுப்பு படிக்கிறேன். இந்த எருமையை நான் என்..."

"என் கைகளால்."

"என்..."

"அட, சத்தமாச் சொல்லு. வகுப்புல அந்த வாய் பேசுற, இங்க என்ன வந்துச்சு?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பத் திரும்பச் சொல்லவைத்தும் 'என்' என்பதோடு நின்றுபோனாள். புதன்கிழமை பள்ளிக்கே வரவில்லை. கண்காட்சிக்கு ஒரே ஒரு நாள்தான் இருந்தது.

சார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார். திரும்பி வந்தபோது மனுஷன் முகத்தில் ஈயாடவில்லை. நேராக மெஹர் டீச்சரிடம் போய் நின்றார். பக்கத்தில் நான் கலர் காகிதம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"பிள்ளை வயித்து வலின்னு போர்த்திப் படுத்திருக்கு டீச்சர். வலியும் இல்ல ஒன்னும் இல்ல. 'பொய் சொன்னா சார் அடிப்பாரு, சொல்லலேன்னாலும் சார் திட்டுவாரு, நான் என்னம்மா பண்றது'ன்னு அம்மாகிட்ட அழுதிருக்கு." சார் சைக்கிள் சாவியை மேஜைமேல் வைத்தார். "பொய் சொல்லக்கூடாதுன்னு தினம் சொல்றதும் நான். இப்ப அவளை..."

மெஹர் டீச்சர் மேஜையிலிருந்த எருமையைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார்.

"எருமை அம்சமா இருக்கு சார். யாரு செஞ்சது?"

"சங்கவிதான். நான் கொஞ்சம் கொம்பை மட்டும்... அப்புறம் வயிறு. காலு ஆடுச்சுன்னு நாலு காலையும்..."

"அவ செஞ்சது எது மிச்சம் இருக்கு?"

சார் எருமையை வாங்கிப் பார்த்தார். மூஞ்சியைப் பார்த்தார். முதுகைத் தடவினார். கடைசியில் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"இந்தா, வால்! வால் அவ வச்சதுதான்." அப்படியே நின்றார். "இல்ல. அதுவும் ஒடஞ்சு போச்சு. நேத்து நான்தான் ஒட்டுனேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மெஹர் டீச்சர் சிரிக்கவில்லை.

பெயர் எழுதி வைக்கும் அட்டைகள் பக்கத்தில் கிடந்தன. டீச்சர் ஒன்றை எடுத்து ஸ்கெட்ச் பேனாவால் பொறுமையாக எழுதினார். எழுதி, எருமையின் காலடியில் சாய்த்து வைத்தார்.

'எருமை. செய்தவர்: புஷ்பராஜ்.'

சார் பதறிப்போனார். "என்ன டீச்சர் இது? அதிகாரி வராங்க. பத்து ஸ்கூல் வாத்தியாருங்க வராங்க. மானம் போயிரும்!"

"மாத்தி எழுதணுமா சார்?"

"மாத்திருங்க டீச்சர், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

டீச்சர் வெற்று அட்டை ஒன்றை எடுத்து, அதையும் பேனாவையும் அவர் கையில் கொடுத்தார்.

"நீங்களே எழுதுங்க."

சார் மூடியைத் திறந்தார். அட்டைமேல் குனிந்தார். பேனா காகிதத்தைத் தொடவே இல்லை. நான் அவ்வளவு நேரம் அந்த மனுஷன் சும்மா நின்று பார்த்ததே கிடையாது. அப்புறம் பேனாவை மூடி வைத்துவிட்டு, டீச்சர் எழுதிய அட்டையை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மிச்சமிருந்த கூழை ஒரு பிளாஸ்டிக் கவரில் அள்ளினார்.

"எங்க சார் கிளம்பிட்டீங்க?" என்றேன்.

"ஒத்திகைக்கு" என்றார்.

சங்கவி வீட்டில் நடந்தது அவள் அம்மா மறுநாள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். போர்வைக்குள் கிடந்த பிள்ளைக்கு முன்னால் போய் சார் கையைக் கட்டிக்கொண்டு நின்றாராம். "வணக்கம். என் பெயர் புஷ்பராஜ். இந்த எருமையை நான் என் கைகளால் செய்தேன்" என்றாராம்.

சார் மறுபடியும் முதலிலிருந்து சொன்னாராம்.

போர்வை கொஞ்சம் விலகியிருக்கிறது. "சார், எந்த வகுப்புன்னு சொல்லல."

"மூன்றாம் வகுப்பு."

"சத்தமாச் சொல்லணும் சார்."

"மூன்றாம் வகுப்பு!"

பிள்ளை எழுந்து உட்கார்ந்துவிட்டதாம். "நெசமாவே நாளைக்கு நீங்க இப்படிச் சொல்லுவீங்களா சார்? எல்லார் முன்னாடியும்?"

"சொல்றேன் தாயி. நீ வா. உன்னோடதை நீ செய்." சார் கூழை நீட்டினாராம். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பெற்றவளுக்கு எப்படி இருந்திருக்கும்!

வியாழக்கிழமை பெரிய கூடத்தில் மேஜைகள் போட்டிருந்தார்கள். வரிசையாகப் பிள்ளைகள் நின்றார்கள். நடுவில் ஒரு நரைத்த தலை. சார் நல்ல வெள்ளைச் சட்டை போட்டு, எண்ணெய் வைத்து வகிடெடுத்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தலைமை ஆசிரியர் பல்லைக் கடித்துக்கொண்டு தூரமாக நின்றார்.

சாருக்குப் பக்கத்தில் சங்கவி. அவள் முன்னால் ஒரு எருமை. பெயின்ட் இல்லை, மணி இல்லை. காயக்கூட இல்லை. சொதசொதவென்று சாம்பல் நிறத்தில் நின்றது. ஒரு கால் மடங்கியதால் வயிற்றுக்கு அடியில் ஒரு ஓட்டாஞ்சில்லு வைத்து முட்டுக்கொடுத்திருந்தாள்.

அதிகாரி அம்மா ஒவ்வொரு மேஜையாக வந்தார். சாருக்கு முன்னால் வந்ததும் அட்டையைப் படித்தார். சாரைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் படித்தார்.

சார் ஆரம்பித்தார். "வணக்கம். என் பெயர் புஷ்பராஜ். மூன்றாம் வகுப்பு ஆசிரியர். இந்த எருமையை நான்..." குரல் இறங்கியது.

"சத்தமா சார்" என்று பக்கத்திலிருந்து சின்னக் குரல் வந்தது.

"நான் என் கைகளால் செய்தேன்!"

கூடமே சிரித்தது. மற்றப் பள்ளி வாத்தியார்களும் சிரித்தார்கள். சிலர் சிரிப்பைப் பாதியிலேயே நிறுத்திவிட்டுத் தங்கள் மேஜைப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

"நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க" என்றார் அதிகாரி. "எந்த எருமையைப் பாத்து செஞ்சீங்க?"

சார் முழித்தார். "எருமையைப் பாக்கல மேடம். காலண்டர்ல ஒரு படம் இருந்துச்சு."

அதிகாரி அடுத்த மேஜைக்கு நகர்ந்தார். "உன்னோட எருமைக்கு ஏம்மா ஒரு கொம்பு தொங்குது?"

அவ்வளவுதான். அணை உடைந்தது. "அது எங்க மூக்காயி மேடம். கன்னுக்குட்டியா இருக்கறப்ப எங்க மாமா வண்டியில முட்டிருச்சு, அதுலேர்ந்து கொம்பு கீழ வளந்துருச்சு. அந்தப் பக்கம் ஈ உக்காந்தா அதால ஓட்ட முடியாது. நான்தான் ஓட்டுவேன். வயிறு ஏன் ஒரு பக்கமா இருக்குன்னா உள்ள கன்னு இருக்கு. தொட்டா உதைக்கும் மேடம். எங்க அப்பா தொட்டா உதைக்காது, நான் தொட்டா உதைக்கும்..."

அதிகாரி அம்மா குனிந்தவர் நிமிரவே இல்லை. பின்னால் வந்தவர்களும் கூடிவிட்டார்கள். வணக்கம் சொல்லவும், பெயர் சொல்லவும் அந்தப் பிள்ளைக்கு மறந்தே போனது. கேட்கவும் யாருக்கும் தோன்றவில்லை.

பரிசு வேறு பள்ளிக்குப் போனது. போனால் போகட்டும். சங்கவி இரண்டு கையிலும் லட்டு வைத்துக்கொண்டு முற்றத்தில் ஓடிக்கொண்டிருந்தாள். சார் படியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் அப்போதுதான் நிம்மதியாக இருந்தது.

"அப்பாடா" என்றார்.

அடுத்த வாரம் கைவேலை வகுப்புக்குக் களிமண் வந்தது. கண்மாயிலிருந்து யாரோ இரண்டு மூட்டை கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். வேப்பமரத்தடியில் மெஹர் டீச்சர் மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் இன்னும் வரவில்லை. புஷ்பராஜ் சார் வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"டீச்சர், ஒன்னு கேக்கணும்."

"கேளுங்க சார்."

"அன்னைக்கு சங்கவி புதுசா செய்யறப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன். காலு மடங்குது. எனக்குக் கை பரபரங்குது. ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சு அழுத்தி உக்காந்துக்கிட்டேன்."

"தெரியும். அவ சொன்னா."

"ஒரு நாள் சரி. தினமும் அப்படி உக்கார முடியுமா? கையே வைக்கக்கூடாதுன்னா அப்புறம் வாத்தியாருன்னு நான் ஒருத்தன் எதுக்கு? நானும் யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன், பிடிபடல. எங்கதான் கையை வைக்கறது? நீங்களே சொல்லுங்க."

மெஹர் டீச்சர் ஒரு மூட்டையை அவர் பக்கம் தள்ளினார்.

"இதுல வைங்க சார். ஒரே கல்லும் முள்ளுமா கெடக்கு. பிள்ளைங்க வர்றதுக்குள்ள பொறுக்கிப் போடுங்க. கையைக் கிழிச்சிரும்."