இல்லாத செருப்பைக் கழற்றுங்கள்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் பொன்னிறைநாட்டை மகுடவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஓர் ஆசை, மாலையில் வேறோர் ஆசை. காலை ஆசையை நிறைவேற்ற ஓடியவன் மாலையில் திரும்பி வந்தால் திட்டுதான் மிச்சம்.

ஒருநாள் அவனுக்கு மக்கள்மேல் பாசம் பொங்கியது.

"நம் கலைமண்டபத்தில் கூத்து, பாட்டு, மல்யுத்தம் எல்லாம் நடக்கிறது. பார்ப்பது யார்? அதே பட்டு வேட்டிகள், அதே கொட்டாவிகள்! இனி மண்டபம் எல்லோருக்கும் திறந்திருக்கும். முரசறையுங்கள்!"

சபை கைதட்டியது. மந்திரி இசக்கியம்மை மட்டும் தட்டவில்லை. எல்லோரையும்விடப் பலமாகத் தட்டுவது யார் என்று பார்த்தாள். மண்டபப் பொறுப்பாளன் அம்பலராயன்! கண்டவர்கள் வந்தால் தூண் அழுக்காகும் என்று நேற்றுவரை முனகியவனுக்கு இன்று என்ன இவ்வளவு குஷி? அவளுக்கு உள்ளே ஏதோ உறுத்தியது.

"ஆனால் மகாராஜா," என்று குழைந்தான் ராயன், "திறந்துவைத்தும், வரப்போகிற திருவிழா தொடங்குவதற்குள் ஜனங்கள் வராவிட்டால்? அவர்களுக்கு ரசனையே இல்லை என்றுதானே அர்த்தம்? அப்புறம் அந்த ஆற்றங்கரைக் களம் மட்டும் எதற்கு? எனக்குக் கொடுங்கள், பூந்தோட்டம் போடுகிறேன்."

"ஆகட்டும்!" என்றான் ராஜா.

ஆற்றங்கரைக் களம் வயல்வேலை முடிந்தவர்கள் சிலம்பம் சுற்றும் இடம், சடுகுடு ஆடும் இடம், கூத்துக் கட்டும் இடம். அவர்களுக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

மறுநாள் இசக்கியம்மை மண்டபத்துக்கு எதிரே ஒரு மரத்தின் பின்னால் போய் நின்றுகொண்டாள். களத்துக்குத் தலைவியான சிலம்பக்காரி பேராச்சி, பெண்பிள்ளைகள் புடைசூழ, தலைநிறையப் பூவோடு வந்தாள்.

"வாங்கம்மா, வாங்க," என்று காவலன் கும்பிட்டான். "செருப்பைக் கழற்றி அந்தப் பலகையில் வைத்துவிட்டு உள்ளே போங்க."

"செருப்பா? நாங்க எந்தக் காலத்துல செருப்பு போட்டோம்?"

"கழற்றாதவங்களை உள்ளே விடக்கூடாது. ராயர் உத்தரவு."

"போடாததை எப்படிய்யா கழத்துறது?"

"அது உங்க பாடு."

வந்த கூட்டம் அப்படியே திரும்பிப் போனது. இசக்கியம்மை கொதித்துப்போய் அரண்மனைக்கு வந்தாள்.

"இதில் என்ன குறை?" என்றான் ராஜா. "செருப்பைக் கழற்றுவது மரியாதைதானே? எல்லோருக்கும் ஒரே விதி. நான்கூடக் கழற்றுகிறேனே!"

ராயன் சிரித்தான். "மந்திரியம்மாவுக்கு எதிலும் சந்தேகம் மகாராஜா. பாயசம் கொடுத்தாலும் முடி கிடக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்."

"பரிமாறுவது நீங்களாக இருந்தால் பார்க்கத்தானே வேண்டும், ராயரே!"

சபை சிரித்தது. ராஜாவுக்கோ எதுவும் உறைக்கவில்லை. தரையை மிதிக்காத காலுக்கு வாயால் சொல்லி என்ன பயன்? அன்று மாலையே அவள் பேராச்சியைத் தேடிப் போனாள்.

திருவிழா நெருங்கியது. மண்டபம் காலி. "களத்தை எழுதிக் கொடுக்கும் முன் அங்கே என்னதான் நடக்கிறது என்று ஒருமுறை பாருங்கள் மகாராஜா. அதுவும் எல்லோருக்கும் திறந்த இடம்தான்," என்றாள் இசக்கியம்மை. ராஜாவின் பல்லக்கு கிளம்பியது. பூந்தோட்டத்துக்கு அளவெடுக்க ராயனும் கூடவே வந்தான்.

களத்துக்குள் பறை அதிர்ந்தது, ஆரவாரம் எழுந்தது. ராஜாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பல்லக்கிலிருந்து, சேவகர்கள் விரித்த விரிப்பில் குதித்து இறங்கி, செருப்பைத் தானே கழற்றிவிட்டு வாசலுக்கு ஓடினான். அங்கே ஒரு தண்ணீர்த் தொட்டி. பக்கத்தில் பேராச்சி.

"வாங்க ராசா. கால் சேத்தைக் கழுவிட்டு உள்ள போங்க."

"என் காலில் சேறு இல்லையே?"

"அப்போ விட முடியாது, ராசா. சேத்தைக் கழுவினவங்கதான் உள்ள போகலாம். எல்லாருக்கும் ஒரே விதி."

உள்ளே யாரோ ஒரு பெண் எதிராளியின் கம்பைத் தட்டிப் பறக்கவிட்டிருக்க வேண்டும், கூட்டம் விண்ணதிரக் கத்தியது. ராஜா எட்டி எட்டிப் பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை.

ராயன் பாய்ந்து வந்தான். "என்ன திமிர் இது! மகாராஜா தன் காலில் இல்லாத சேற்றை எப்படிக் கழுவுவார்? திறந்த இடம் என்று கூப்பிட்டுவிட்டு, செய்யவே முடியாததைச் செய் என்று வாசலில் நிறுத்துவதா? இதற்குக் கதவைச் சாத்திவிடலாமே! இப்படி விதி போட்டவன் அயோக்கியன்!"

"சரியாகச் சொன்னீர்கள் ராயரே," என்றாள் இசக்கியம்மை. "கொஞ்சம் சத்தமாக இன்னொருமுறை சொல்லுங்கள். செருப்பே இல்லாதவர்கள் உங்கள் வாசலில் எதைக் கழற்றுவார்கள்?"

ராஜா தன் வெறுங்காலைப் பார்த்தான், பிறகு பேராச்சியின் காலைப் பார்த்தான். முதலில் முகம் சிவந்தது. அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தான்.

"ராயா, உனக்குத் தீர்ப்பை நீயே சொல்லிவிட்டாய். களம் இவர்களுடையது. இனி யாரும் இதைக் கேட்டு என்னிடம் வரக்கூடாது. நாளை முதல் மண்டப வாசலில் நீ வெறுங்காலோடு நிற்பாய். 'வாங்க, உள்ளே வந்து உட்காருங்க' என்பதைத் தவிர உன் வாயில் வேறு சொல் வரக்கூடாது!"

பேராச்சி வழிவிட்டாள். ராஜா மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி இசக்கியம்மையிடம் நீட்டினான்.

"இப்போதாவது உன் சந்தேகம் தீர்ந்ததா, மந்திரி?"

மாலையை வாங்கியவள் அதைப் பேராச்சியின் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டாள்:

"மண்டபத்தில் ஆட்டம் எப்போது தொடங்கும் மகாராஜா? பொழுது சாய்ந்த பிறகா, இல்லை, இவர்களெல்லாம் களையெடுத்துக்கொண்டிருக்கும்போதா?"

ராஜா ராயனைத் திரும்பிப் பார்த்தான். ராயன் வானத்தைப் பார்த்தான்.