தேர்வீதியை நிமிர்த்திய கதை

வேங்கைநாட்டை ஆண்ட விசயகண்டருக்கு எதையும் தாமே செய்து பார்த்துவிட வேண்டும். ஒரு வருஷம் மடைப்பள்ளிக்குள் புகுந்து அதிரசம் சுட்டார். சபை முழுவதும் தாடையைப் பிடித்துக்கொண்டு பாராட்டியது. மறு வருஷம் தேரில் கை வைத்தார்.

அவர் தினமும் ஓட்டுகிற இரட்டைக் குதிரைத் தேர் சில நாளாக இடப்பக்கமே இழுத்தது. தேர்த்தச்சர் பூவணன் வந்து பார்த்தார். சக்கரத்துக்கு நேர் பார்க்க வேண்டும், மூன்று நாள் பட்டறையில் விட வேண்டும் என்றார். தேரை விட்டு மூன்று நாளா? மன்னரால் ஆகிற காரியமா அது?

"நூலும் முழக்கோலும் இருந்தால் இதை யார்தான் செய்ய மாட்டார்கள்?" என்றார் மன்னர். அரசருக்குத் தெரியாத தச்சுவேலை உண்டா என்று பிரதானி சோமயாசி பக்கத்தில் நின்று தாளம் போட்டார்.

ஒரு காலைப்பொழுது முழுக்க மன்னர் தேருக்கு அடியிலேயே கிடந்தார். இரண்டு சக்கரங்களுக்கும் இடையே முன்புறம் நூல் பிடித்தார், பின்புறம் பிடித்தார். இரண்டு அளவும் ஒன்றாகும்வரை தட்டிக்கொண்டே இருந்தார். முழங்கை வரை மசகோடு வெளியே வந்தபோது அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

அன்று மாலையே தேர்வீதியில் ஓட்டினார். தேர் முன்னைவிட மோசமாக இடப்பக்கம் பாய்ந்து, ஒரு கத்தரிக்காய்க் கூடையை நசுக்கிவிட்டு நின்றது. தேர்தான் இழுக்கிறது என்று உண்மையைச் சொன்ன குதிரைக்காரர் மறுநாளே யானைக்கொட்டிலுக்குச் சாணி அள்ளப் போனார். அதன்பின் யாரும் வாய் திறக்கவில்லை. சோமயாசி மட்டும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தேர் நேராகத்தான் போகிறது, வீதிதான் கோணல் என்றார்.

மன்னருக்கு இது பிடித்துவிட்டது. வெள்ளிக்கிழமை மாலை அண்டை நாட்டு அரசர் வருகிறார், அவரைத் தம் தேரில் ஏற்றித் தாமே ஓட்டிப் போக வேண்டும். அதற்குள் இடச்சாரி வீடுகளை இடித்தாவது வீதியை நிமிர்த்தும்படி உத்தரவு போட்டார்.

அந்த உத்தரவை எழுதியவர் அரண்மனை ஓலைநாயகம் கூத்தபிரான். பேச்சில் கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்தவர். ஆனால் அன்று பேசாமல் எழுதினார். குதிரைக்காரர் கதி அவருக்கும் தெரியும்தானே. எழுதின கையோடு வீடுகளை எண்ணப் போனார். பதினேழாவது வீடு எண்ணெய் ஆட்டுகிற ஒரு செக்கார் வீடு. வாசலில் பேச்சி என்கிற பெண், பிறந்து பதினோரு நாளான பிள்ளையோடு நின்றாள். அவள் அழவும் இல்லை, சண்டை போடவும் இல்லை.

"ஐயா, தொட்டிலை எங்கே கட்டட்டும்?" என்று மட்டும் கேட்டாள்.

கூத்தபிரான் எழுத்தாணியை இடுப்பில் செருகிக்கொண்டார். அதற்குமேல் எண்ண மனமில்லாமல் நேரே அரண்மனைக்குத் திரும்பினார்.

"அரசே, இந்த வேலையை எனக்கே தாருங்கள். வெள்ளிக்கிழமைக்குள் கோணலை எடுத்துவிடுகிறேன். எங்கே கை வைப்பது என்பதை மட்டும் என்னிடம் விட்டுவிடுங்கள்."

முடியாவிட்டால் நாட்டை விட்டே போக வேண்டும் என்றார் மன்னர். சரி என்றார் கூத்தபிரான். கூடவே, தேருக்காகத்தானே வீதி, அளவு பார்க்கத் தேர் மூன்று நாள் என்னிடம் இருக்கட்டும் என்று கேட்டார். சக்கரத்துக்காக மூன்று நாள் தர மாட்டேன் என்றவர், வீதிக்காக உடனே தந்துவிட்டார்.

தேர் நேராகப் பூவணன் பட்டறைக்குப் போனது. தச்சர் முதலில் சக்கரங்களுக்கு இடையே நூல் பிடித்தார். மன்னர் பிடித்த அளவு மயிரிழை பிசகவில்லை, தச்சரே வியந்துபோனார். பிறகு குதிரைகளைப் பூட்டுகிற ஏர்க்காலின் நுனியிலிருந்து அச்சின் இரண்டு முனைகளுக்கும் நூல் பிடித்தார். வலப்பக்கம் இரண்டு விரற்கடை குறைந்தது.

"சக்கரம் இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துத்தான் இருக்குதுங்க. ஆனா ரெண்டும் சேர்ந்து வேற எங்கேயோ பார்க்குது" என்றார் பூவணன். பிறகு தயங்கினார். "இதை அரசர்கிட்டே யாருங்க சொல்றது?"

"நீர் சரி பண்ணும். சொல்வது என் பாடு."

வெள்ளிக்கிழமை காலை. மன்னர் தேரில் ஏறினார், பின்னால் கூத்தபிரானும் சோமயாசியும் ஏறினார்கள். குதிரைகள் பாய்ந்தன. தேர் விட்ட அம்பாகப் போனது. மன்னர் கடிவாளத்தைத் தளர்த்திப் பார்த்தார், அப்போதும் இம்மி விலகவில்லை. பாதி வீதி போன பிறகுதான் இடப்பக்கம் பார்த்தார். ஒரு வீடும் இடியவில்லை. பேச்சி பிள்ளையோடு வாசலில் நின்றிருந்தாள். மன்னர் தேரை நிறுத்தினார்.

"ஒரு செங்கல்கூடப் பெயரவில்லையே. கோணலை எங்கேயிருந்து எடுத்தீர்?"

"தேரின் அச்சிலிருந்து, அரசே. இரண்டு விரற்கடை இருந்தது. பூவணன் எடுத்துவிட்டார்."

சோமயாசி வானத்தில் ஏதோ பறவையைத் தேடினார். மன்னர் முகம் சிவந்தது.

"அப்படியென்றால் நான் பிடித்த நூல்?"

"தங்கள் நூல் சரிதான், தச்சரே வியந்தார். அவர் இன்னொரு நூலும் பிடித்தார், அவ்வளவுதான்."

"வெறும் இரண்டு விரற்கடைக்கா இத்தனை நாடகம்?"

"அச்சில் இருந்தவரை இரண்டு விரற்கடைதான், அரசே. வீடுகளை இடித்திருந்தால் அந்தக் கோணல் செங்கோலுக்கு ஏறியிருக்கும். செங்கோலுக்கு நேர் பார்க்கிற தச்சர் நம் நாட்டில் இல்லை."

மன்னர் வீடுகளைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். பிறகு குதிரைகளின் காது விடைக்கும்படி சிரித்தார். குதிரைக்காரரை அன்றே திரும்ப அழைத்தார். பூவணனுக்குப் பட்டும் கூத்தபிரானுக்கு முத்துமாலையும் கிடைத்தன. பிரதானிக்கு, வீடு வரை நடந்து போகிற பாக்கியம் கிடைத்தது.