ஒரு கைப்பிடியும் ஒரு கோடும்

முன்னொரு காலத்தில் ஒரு தலையின் விலை ஒரு சின்னக் கோடாக இருந்தது. தங்கக் கோடுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் நீளம் ஒரு நெல்லளவுக்கு மேல் தேறாது. தலைக்கு இது கட்டுப்படியாகுமா என்று என்னைக் கேட்காதீர்கள். ராஜா வாங்க வருகிற சந்தையில் விலையும் ராஜாதான் சொல்வார்.

அந்த நாட்டுத் துறைமுகத்துக்கு மணிலாவிலிருந்து ஒரு ஸ்பானியக் கப்பல் துணியும் அரிசியும் வாங்க வந்தது. அதன் தலைவனான கப்பித்தான் ராஜாவுக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதி, துபாஷி மரியசூசையிடம் கொடுத்தனுப்பினான். இரண்டு பாஷையும் தெரிந்த மரியசூசை அதைப் படித்து அர்த்தம் சொல்லிக்கொண்டிருந்தபோது, ராஜா சிம்மாசனத்திலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இதென்ன, எழுத்துக்கு மேலே ஈ உட்கார்ந்திருக்கிறதா?"

"ஈ இல்லை மகாராஜா, கோடு. அவர்கள் ஒவ்வொரு சொல்லிலும் ஓரிடத்தில் குரலை அழுத்துவார்கள். அந்த இடத்தைக் காட்ட, சில சொற்களுக்கு மட்டும் மேலே சாய்வாக ஒரு கோடு போடுவார்கள்."

"இங்கே எந்தச் சொல்லுக்குப் போட்டிருக்கிறது?"

"இது கப்பித்தான் என்கிற பட்டம். இது தொமாஸ் என்கிற அவர் பெயர்."

"பட்டத்துக்கு ஒன்று, பெயருக்கு ஒன்று! புரிந்துவிட்டது. பெரிய மனிதர்களுக்குப் போடுகிற அடையாளம்!"

துபாஷி வாயைத் திறந்தார், உடனே மூடிக்கொண்டார். ராஜாவுக்குப் புரிந்துவிட்ட பிறகு அந்தச் சபையில் யாரும் எதையும் விளக்குவதில்லை.

அன்றைக்கே உத்தரவு பிறந்தது. சபை ஏட்டில் உள்ள முப்பத்தாறு அதிகாரிகளின் பெயருக்கு மேலும் கோடு போடவேண்டும், தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரியும்படி அழுத்திப் போடவேண்டும். பனையோலை வளைத்து வளைத்து எழுதினால் பொறுத்துக்கொள்ளும். எழுத்தாணியை அழுத்தி ஒரு கீறு கீறினால் நரம்போடு பிளந்துகொள்ளும். எழுத்தர்கள் கீறினார்கள். சேனாதிபதி இரண்டாகப் போனார். பண்டகசாலை அதிகாரி மூன்றாகப் போனார். மாலைக்குள் சபை முழுவதும் சுள்ளியாகக் கூடையில் கிடந்தது.

ராஜாவின் முகம் வாடியது. அது வாடினால் தண்ணீர் ஊற்ற ஓர் ஆள் எப்போதும் தயார். ராயசம் வைத்திலிங்கம், அதாவது அரண்மனை எழுத்தர்களுக்கெல்லாம் தலைவர், எழுந்து கும்பிட்டார்.

"மகாராஜா, ஓலை தாங்காவிட்டால் என்ன? தலை தாங்கும். கோட்டைத் தங்கத்தில் செய்து தலைப்பாகையில் குத்திக்கொள்கிறோம்."

தட்டார் வந்தார், முப்பத்தாறு கோடு செய்தார். கோடு தட்டுக்கு வந்ததும் சண்டை சபைக்கு வந்தது. யானை ஏறுகிறவனுக்கும் ஏடு சுமக்கிறவனுக்கும் ஒரே கோடா? மூத்தவருக்கு இரண்டு வேண்டாமா? ராயசம் இந்த அமளியில் தட்டிலிருந்த மிகப் பெரிய கோட்டை எடுத்துச் சத்தமில்லாமல் தன் தலைப்பாகையில் குத்திக்கொண்டார். குத்திக்கொண்டவர், சபையின் ஓரத்தில் பாக்கு மென்றுகொண்டிருந்த விகடன் திருமேனியைப் பார்த்தார். ராயசம் பாடுபட்டு எழுதுகிற பாமாலைக்கு ராஜா கொட்டாவி விடுவார். திருமேனி தும்மினால்கூடச் சிரிப்பார். எத்தனை வருஷத்து வயிற்றெரிச்சல்!

"மகாராஜா, இதைப் பங்கிட நடுநிலையான ஆள் வேண்டும். நம் திருமேனி இருக்கிறாரே! எல்லோருக்கும் நல்லவர்."

"நல்ல யோசனை," என்றார் ராஜா. "திருமேனி, நாளை சபையில் நீயே கோட்டைப் பங்கிடு. யாராவது ஒருவர் குறை சொன்னாலும் உன் தலை என்னுடையது."

திருமேனி வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் அவர் மனைவி செண்பகவல்லி இடுப்பில் கை வைத்தாள். அவள் நவதானியக் கடைக்காரர் பெண்.

"தலைய வச்சா பேரம் பேசிட்டு வந்தீங்க? என்னைக் கூப்பிட்டிருந்தா தலைப்பாகையோட முடிச்சிருப்பேனே!"

"அவர் கேட்டதே தலைதான் செண்பகம்."

"ஆளுக்கு ஒண்ணு குடுத்துத் தொலைங்க."

"எனக்கும் அவனுக்கும் ஒண்ணான்னு சேனாதிபதி கேப்பாரு."

"அவருக்கு ரெண்டு குடுங்க."

"மத்தவங்க கேப்பாங்க."

"அப்ப யாருக்கும் குடுக்காதீங்க."

"முப்பத்தாறு பேரும் சேந்து கேப்பாங்க."

செண்பகவல்லி யோசித்தாள். "எங்கப்பா கடையில புழு வச்ச பயறு கிடக்கும். அதுக்காக யாராவது அடிச்சிக்கிட்டு நான் பாத்ததில்ல. வேண்டாத சரக்குக்கு ஏதுங்க சண்டை?"

திருமேனி பாதிச் சோற்றில் எழுந்தார். துபாஷி அன்றைக்குச் சொல்லவந்து சொல்லாமல் மூடிக்கொண்ட வாயைத் தேடித் துறைமுகத்துக்கு நடந்தார்.

துறைமுகத்தில் கப்பித்தான் தொமாஸ் ஓர் அரிசி மூட்டையை உதைத்துக்கொண்டிருந்தான். மூட்டை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பண்டகசாலையிலிருந்து புறப்பட்டபோது அது மூட்டை. கப்பலுக்கு வந்து சேர்ந்தபோது சுருக்குப்பை.

"என்ன சொல்றாரு?" என்று கேட்டார் திருமேனி.

"இந்த ஊர்ல ஒரு மூட்டைக்கு எத்தனை கைன்னு கேக்குறார். இனிமே இந்தத் துறைக்கே வரமாட்டேங்கிறார்," என்றார் மரியசூசை.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. ராஜாவின் பாட்டனார் வைத்தது. துறைமுகத்துக்குப் போகிற அரிசி தரமானதா என்று பார்க்க, அதிகாரி ஒவ்வொருவரும் மூட்டைக்கு ஒரு கைப்பிடி எடுத்துக்கொள்ளலாம். பாட்டனார் காலத்தில் அதிகாரிகள் நாலு பேர், அவரவர் கையால் எடுத்தார்கள். இப்போது திருமேனி பார்த்தபோது, பண்டகசாலை அதிகாரி தன் கைக்கு முறம் அகலத்தில் தோலுறை தைத்து மாட்டியிருந்தார். சேனாதிபதி தன் வலது கையாக ஒரு மைத்துனரையும் இடது கையாக இன்னொரு மைத்துனரையும் அனுப்பியிருந்தார். அவர்களுக்குப் பின்னால் பனைமரம்போல ஒரு மல்லன் நின்றான்.

"நீ யாருப்பா?"

"நானுங்களா? கோட்டைமுத்துங்க. ராயசம் ஐயாவோட கைங்க."

"கையா?"

"ஆமாங்க. எழுதி எழுதி அவருக்குக் கை வலிக்குதாம். அதனால கைப்பிடி எடுக்க என்னைய வச்சிருக்காரு." சொல்லிக்கொண்டே மூட்டைக்குள் கையை விட்டான். முழங்கை வரை போயிற்று. வெளியே வந்தபோது ஒரு படி அரிசி இருந்தது.

திருமேனி துபாஷியின் தோளில் கை போட்டார். "அன்னிக்கு ராஜாகிட்ட சொல்லாம விட்டீங்களே, அதை எங்கிட்ட சொல்லுங்க. அந்தக் கோடு யாருக்கு?"

"பெரிய மனுஷனுக்கெல்லாம் இல்லீங்க. குரலை எங்க அழுத்தணும்னு அவங்களுக்கு ஒரு வழக்கம் இருக்கு. அதன்படி நடக்குற சொல்லுக்குக் கோடே கிடையாது. வழக்கத்தை விட்டு விலகிப் போற சொல்லுக்கு மட்டும், 'இவன் விலகினவன், பாத்துக்கோ'ன்னு தலையில ஒரு கோடு."

"அவங்க ராஜாவுக்கு?"

"ராஜாவை 'ரேய்'னு சொல்வாங்க. கோடு இல்ல."

திருமேனிக்கு அப்போதுதான் பசித்தது. வீட்டுக்குப் போய் மீதிச் சோற்றைச் சாப்பிட்டார்.

மறுநாள் சபை நிறைந்திருந்தது. திருமேனி ஒரு கையில் கோட்டுத் தட்டோடு வந்தார். பின்னால் துபாஷி. அவருக்கும் பின்னால் ஓர் அரிசி மூட்டையைச் சுமந்துகொண்டு கோட்டைமுத்து. அவனைக் கண்டதும் ராயசத்தின் கை தானாகத் தலைப்பாகைக்குப் போனது.

"மூட்டை எதற்கு?" என்றார் ராஜா.

"கோடு யாருக்கு என்று அதுதான் சொல்லப்போகிறது, மகாராஜா. கப்பித்தான் நாட்டு விதியைத் துபாஷியிடம் கேட்டு வந்தேன். வழக்கப்படி நடப்பவருக்குக் கோடு இல்லை. வழக்கத்தை விட்டு விலகியவருக்கே கோடு. அவர்களிடமிருந்து கோட்டை வாங்கிக்கொண்டு விதியை விட்டுவிட்டால் நியாயமா?"

"நியாயமில்லை," என்றார் ராஜா.

"தங்கள் பாட்டனார் வைத்த வழக்கம், மூட்டைக்கு ஒரு கைப்பிடி. ராயசம் அவர்களே, தயவுசெய்து ஒரு கைப்பிடி எடுங்கள்."

ராயசம் எடுத்தார். எழுத்தாணி பிடித்த மெல்லிய விரல்கள். ஒரு குருவிக்குக் காலைச் சாப்பாடு கிடைத்தது.

"கோட்டைமுத்து, இப்போ நீ எடுப்பா. ராயசம் வீட்டுக்குத் தினமும் எடுப்பியே, அப்படி."

"சரிங்க," என்று கோட்டைமுத்து எடுத்தான். மூட்டை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

ராஜா இரண்டு குவியலையும் மாறி மாறிப் பார்த்தார். சபையில் முப்பத்தைந்து பேரின் கைகள் அங்கவஸ்திரத்துக்குள் போய் ஒளிந்தன.

"மகா பிரபுக்களே!" என்று திருமேனி தட்டை நீட்டினார். "கோடு வேண்டும் என்பவர்கள் முன்னே வரலாம். சேனாதிபதி அவர்களே, தங்களுக்கு இரண்டு எடுத்து வைத்திருக்கிறேன். ஒரு மைத்துனருக்கு ஒன்று."

"எனக்கு வேண்டாம்," என்றார் சேனாதிபதி. "எனக்குத் தலைப்பாகையே பாரம்."

"பண்டகசாலையாரே?"

"தங்கம் எனக்குச் சேராது. அரிக்கும்."

கேட்கக் கேட்க ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள். கடைசியில் தட்டு நிறைந்திருந்தது, கூட்டம் சுவரோடு ஒட்டியிருந்தது, நடுவில் தலைப்பாகையில் பெரிய கோட்டோடு ராயசம் மட்டும் மின்னிக்கொண்டிருந்தார்.

"குறை ஒன்றுமில்லை, மகாராஜா," என்று திருமேனி கும்பிட்டார்.

"இருக்கிறது!" ராயசத்தின் குரல் உடைந்தது. "எல்லோருந்தானே எடுக்கிறோம்! எனக்கு மட்டும் கோடா? மகாராஜா, நான் குறை சொல்கிறேன்!"

முப்பத்தைந்து பேரும் ராயசத்தைப் பார்த்த பார்வையில் அரிசி வெந்துவிடும்.

ராஜா மெல்லச் சொன்னார்: "குறை வந்துவிட்டதே, திருமேனி."

திருமேனி தன் கழுத்தை ஒரு தரம் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"வந்தது, மகாராஜா. உடனே தீர்த்துவிடுகிறேன். எல்லோருந்தான் எடுக்கிறோம் என்று ராயசம் சபையறியச் சொன்னார். எல்லோரும் செய்தால் அதுதானே வழக்கம்? வழக்கத்துக்குக் கோடு கிடையாது. கழற்றித் தட்டில் போடச் சொல்லுங்கள். ராயசம் அவர்களே, குறை தீர்ந்ததா?"

ராயசம் பிடுங்கிய வேகத்தில் கோட்டோடு தலைப்பாகையும் தட்டில் விழுந்தது. "தீர்ந்தது, தீர்ந்தது!"

துபாஷியால் இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. "மகாராஜா, அவர்கள் பாஷையிலும் இதே கதைதான். திருடனுக்கு லத்ரோன் என்று பெயர். தனியாக நின்றால் அவன் தலையில் கோடு உண்டு. பலர் சேர்ந்து லத்ரோனெஸ் ஆகிவிட்டால் கோடு போய்விடும்."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் காதுக்கு இறங்கியது. கண்ணைத் துடைத்துக்கொள்ளத் துணி கேட்டு வாங்கியபின் சொன்னார்: "கோடு போகட்டும், அரிசி வரட்டும். நாளையிலிருந்து அவரவர் கைதான். அதிகம் எடுத்ததையெல்லாம், எந்தக் கையால் எடுத்தீர்களோ அந்தக் கையாலேயே திருப்பிப் போடுங்கள். கப்பித்தானுக்கு முழு மூட்டை போகவேண்டும்."

பிறகு கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அது சரி, எனக்கு?"

"தங்கள் வழக்கம் ஊரறிந்தது, மகாராஜா. கோபம் வந்தால் என் தலையைக் கேட்பீர்கள், சிரிப்பு வந்தால் பரிசு கொடுப்பீர்கள். இப்போது சிரித்துவிட்டீர்கள். மேற்கொண்டு வழக்கப்படி நடந்தால் கோடு தேவைப்படாது. கப்பித்தான் நாட்டு ராஜாவுக்கும் இல்லையாம்."

"கள்ளப் பயலே! போ, கஜானாவில் ஒரு கைப்பிடி பொன் எடுத்துக்கொள்."

திருமேனி திரும்பினார். "கோட்டைமுத்து, வாப்பா."

"திருமேனி! அவரவர் கை என்று இப்போதுதானே சொன்னேன்?"

"சொன்னீர்கள், மகாராஜா. வழக்கத்தை விட்டு விலகுகிறேன்." தலைப்பாகையைக் குனிந்து காட்டினார். "அதற்குத்தான் கோடு இருக்கிறதே, குத்துங்கள்."

ராஜா சிரித்துக்கொண்டே தம் கையாலேயே குத்தினார். கோட்டைமுத்து கஜானாவுக்குள் கையை விட்டான். முழங்கை வரை போயிற்று.

இனி கணக்கை முடித்துவிடுவோம். தட்டார் செய்த கோடு முப்பத்தாறு. உருக்கியது முப்பத்தைந்து. திருமேனி தலைமேல் ஒன்று. அந்தத் தலை கழுத்தின்மேல், பத்திரம். வரவும் செலவும் சரி. பாக்கி என்று பார்த்தால் கோட்டைமுத்துவின் கூலிதான். அதற்கும் ஒரு கைப்பிடி என்றுதான் பேச்சு. தன் கையால் அளந்து கொடுப்பதாகச் செண்பகவல்லி சொல்கிறாள். தன் கையால் அளந்து எடுத்துக்கொள்வதாகக் கோட்டைமுத்து சொல்கிறான். பேரம் இன்னும் படியவில்லை.