காலைத் தூக்கி நின்ற முப்பது ஆடுகள்

ரொம்பத் தூரமும் இல்லை, ரொம்பக் கிட்டவும் இல்லை, நடந்து போனால் கால் வலிக்கும், போகாமல் இருந்தால் மனசு வலிக்கும், அந்த அளவுக்குத் தள்ளி ஓர் ஊர் இருந்தது. ஏழுசுனை என்று பேர். ஊருக்கு மேற்கே ஒரு மொட்டைப்பாறை. சின்னப் பாறை என்று நினைத்துவிடாதீர்கள். காலையில் அதன் அடியிலிருந்து பறக்க ஆரம்பித்த காக்காய் சாயங்காலம்தான் உச்சிக்குப் போய்ச் சேரும். அதுவும் வழியில் ஒரு தூக்கம் போட்டுவிட்டு. நம்பாதவர்கள் போய்க் காக்காயைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தப் பாறைக்கு எதிரே தாண்டவராய அண்ணாவி என்று ஒருத்தர் மேளப் பள்ளிக்கூடம் வைத்திருந்தார். அவரிடம் நாற்பது சிஷ்யர்கள். சேர வேண்டுமென்றால் கன்றோடு ஒரு கறவை மாடு கொடுக்க வேண்டும். சேர்ந்த பிறகு முதல் வருஷம் அண்ணாவி வீட்டுக்குத் தண்ணி சுமக்க வேண்டும், இரண்டாம் வருஷமும் தண்ணி சுமக்க வேண்டும், மூன்றாம் வருஷம் என்ன என்கிறீர்களா, அதுவும் தண்ணிதான். நாலாம் வருஷம்தான் மேளத்தைத் தொட விடுவார். இப்படிப் பன்னிரண்டு வருஷப் படிப்பு. அது மட்டுமா, பழைய ராஜாவிடம் சொல்லி ஒரு சட்டமும் போட வைத்திருந்தார். தாண்டவராய அண்ணாவியிடம் படிக்காத யாரும் இந்த நாட்டில் தோல் கட்டிய எதிலும் தாளம் போடக் கூடாது. போட்டால் அது திருட்டு.

அதே ஊரில் பெருமாயி என்று ஒருத்தி. நாற்பது வயசு, தனிக்கட்டை, சொந்தமென்று சொல்லிக்கொள்ள முப்பது வெள்ளாடு. அவளுக்கு ஒரே ஓர் ஆசை, மேளம் அடிக்க வேண்டும். அவளும் சும்மா இருக்கவில்லை, அண்ணாவி வாசலுக்கு மூன்று தடவை போனாள். முதல் தடவை ஓர் ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். அண்ணாவி குட்டியை வாங்கிக் கட்டிவிட்டு, "பொம்பளைக்கு எதுக்கும்மா மேளம்?" என்றார். இரண்டாம் தடவை ஒரு கலயம் தேன் கொண்டுபோனாள். தேனை வாங்கி நக்கிவிட்டு, "வயசு போயிடுச்சேம்மா" என்றார். மூன்றாம் தடவை ஒரு செம்பு நிறைய நெய் கொண்டுபோனாள். நெய்யை வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்து அவள் விரலைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"ஏ ஆட்டுக்காரி, இது மடியைப் புடிச்சுப் பீச்சுற விரலு. இதுல பாலுதான் வரும், மேளம் வராது. போ, போ."

"அப்ப எங் குட்டியைக் குடுங்க அண்ணாவி."

"எந்தக் குட்டி?"

கேட்டீர்களா நியாயத்தை? பெருமாயி ஆட்டை ஓட்டிக்கொண்டு மேய்ச்சலுக்குப் போனாள்.

அண்ணாவி எப்போதும் வாசற்கதவைத் தாழ் போட்டுக்கொண்டுதான் பாடம் நடத்துவார், ஊரில் எவன் காதிலும் விழுந்துவிடக் கூடாது என்று. ஆனால் நாற்பது பேர் உட்கார்ந்த இடத்தில் புழுக்கம் தாங்குமா? அதனால் பாறைப் பக்கத்து ஜன்னலை மட்டும் திறந்து வைத்துக்கொள்வார். பாறைக்கு என்ன, காதா இருக்கிறது என்று நினைத்துவிட்டார்.

ஜன்னலுக்கும் பாறைக்கும் நடுவில்தான் பெருமாயி ஆடு மேய்க்கிற இடம். அண்ணாவி 'திந்' என்று ஒன்று அடிப்பார். ஒரு மூச்சு பொறுத்துப் பாறை 'திந்' என்று ஒன்று அடிக்கும். அண்ணாவி 'தகதிந்' என்பார், பாறையும் 'தகதிந்' என்று மெதுவாகச் சொல்லும். பெருமாயி கேட்டாள், கேட்டாள், கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"ஏலே ஒத்தக்கொம்பா" என்றாள் தன் மூத்த கிடாயைப் பார்த்து. "இந்தப் பாறை மாடா குடுத்துச்சு, தண்ணியா சுமந்துச்சு? அது பாட்டுக்குத் தெனம் பாடம் ஒப்பிக்குதே. பாறையே படிக்கும்போது நான் படிச்சா என்னடா?"

ஒத்தக்கொம்பன் வேண்டாமென்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை, வாயில் ஆவாரந்தழை இருந்தது.

அன்றைக்கே ஓர் உடைந்த பானையின் வாயில் ஆட்டுத்தோலை இழுத்துக் கட்டினாள். அவளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் ஏது? இன்னது பாதி, இன்னது முழுசு என்று எவர் சொன்னார்கள்? காதில் விழுந்தது அத்தனையும் பாடம் என்று எடுத்துக்கொண்டாள். அண்ணாவி அடிப்பதை வலது கையால் அடித்தாள், பாறை அடிப்பதை இடது கையால் அடித்தாள். முதல் மாசம் அவள் அடித்த அடியில் ஆடெல்லாம் கள்ளிக்காட்டுக்குள் ஓடிப்போய் விழுந்தன. இரண்டாம் மாசம் ஓடவில்லை, முறைத்துப் பார்த்தன. மூன்றாம் மாசம் முப்பது ஆடும் அவள் தாளத்துக்குக் காலெடுத்து வைத்து வரிசையாக நடந்தன, வலது கைக்கு ஒரு கால், இடது கைக்கு ஒரு கால். பால் பீச்சுகிற விரல் இல்லையா, வலது இடது, வலது இடது என்று பத்து வயசிலிருந்து பழகிய விரல். அது போதாதா?

நாற்பது மேளம் முழங்குகிற பள்ளிக்கூடத்தில் ஒரு பானைச் சத்தம் எங்கே கேட்கப் போகிறது? இப்படியே பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது. பழைய ராஜா போய் மகன் ராஜாவானான். மேளமென்றால் அவனுக்கு உயிர். அண்ணாவியின் மேளத்தைக் கேட்பதற்காகப் பல்லக்கு ஏறி ஏழுசுனைக்கு வந்தான். ஊர் எல்லையிலேயே நாற்பது சிஷ்யர்களும் நின்று முழக்கிக்கொண்டு அழைத்துவந்தார்கள். அந்தச் சத்தம் மேய்ச்சல்காட்டுக்குக் கேட்டது. 'அட, நம்ம தாளம்!' என்று முப்பது ஆடும் சரிவில் இறங்கி ஓடிவந்து பல்லக்குக்கு முன்னால் சேர்ந்துகொண்டன.

சிஷ்யர்கள் 'திந்' என்று அடித்தார்கள். ஆடுகள் ஒரு காலை வைத்தன. மறு காலைத் தூக்கின. தூக்கின கால் தூக்கினபடியே நின்றுவிட்டன.

ஏன்? மறு அடி வரவில்லையே! அது ஊர் நடுத்தெரு, பாறை எங்கேயோ கிடக்கிறது. மறு அடி அடிக்க அங்கே யார் இருக்கிறார்கள்? முப்பது ஆடும் தூக்கின காலைக் கீழே வைக்காமல், கழுத்தைத் திருப்பிச் சிஷ்யர்களைப் பார்த்துக்கொண்டு, "அடியேண்டா, ஏண்டா நிறுத்திட்டே" என்கிற மாதிரி நின்றன. பல்லக்கும் நின்றுவிட்டது. சிஷ்யர்கள் தள்ளிப் பார்த்தார்கள், நகரவில்லை. சேவகர்கள் இழுத்துப் பார்த்தார்கள், நகரவில்லை. மந்திரி கும்பிட்டுப் பார்த்தார், ம்ஹூம்.

பின்னாலேயே பெருமாயி பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவந்தாள். "மன்னிக்கணும் சாமி, இதோ, இதோ" என்று பானையில் இடது கையால் 'திந்' என்று ஒன்று வைத்தாள். முப்பது காலும் ஒன்றாகத் தரையில் இறங்கின. அவள் 'திந்-திந்' என்று அடித்துக்கொண்டே போக, ஆடுகள் நடந்தே போயின.

ராஜா பல்லக்கிலிருந்து குதித்தேவிட்டான். "ஏம்மா, இது என்ன தாளம்? எங்கே படிச்சே?"

பெருமாயி வாயைத் திறக்கும் முன்னால் அண்ணாவி வந்துவிட்டார், குடுமி அவிழ. "திருட்டு, மகாராஜா, திருட்டு! என் பாடத்தை ஒட்டுக்கேட்டுத் திருடியிருக்கா! உங்க அப்பா போட்ட சட்டம் இருக்கு!"

ராஜாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. இருந்தாலும் சட்டம் சட்டம்தானே. "சரி அண்ணாவி, என்ன தண்டனைன்னு நீரே சொல்லும்."

"அடுத்தவனுக்குச் சேர வேண்டிய ஓர் அடியை எவன் அமுக்கி வெச்சுக்கிட்டாலும் சரி, பறிகொடுத்தவன் வீட்டுக்குப் பன்னிரண்டு வருஷம் தண்ணி சுமக்கணும். அந்தப் பானையை உடைக்கணும். ஆடுங்களையும் பிடிச்சுக்கணும்."

ஆடு போனால் பெருமாயிக்கு என்ன இருக்கிறது? பானை போனால் அவள் எதற்கு இருக்கிறாள்? ஒத்தக்கொம்பன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "சாமி, நான் கேட்டேன், இல்லேங்கல. ஆனா எனக்கு முன்னாடியே பாறை கேட்டுச்சே. அதையும் பிடிச்சுக் கட்டுங்க, நான் கூடவே வாரேன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ராஜாவும் சிரித்துவிட்டான்.

"இன்னொண்ணு சாமி. எங்கிட்ட இருக்கிறது பாதிதான் அண்ணாவியோடது. அதை இப்பவே திருப்பிக் குடுத்துடறேன். அவர் அவரோடதை அடிக்கட்டும், நான் பாறையோடதை மட்டும் அடிக்கிறேன். அவரோட அடியில ஒண்ணாவது எங் கையில பட்டுச்சுன்னா ஆட்டை ஓட்டிட்டுப் போகட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றான் ராஜா.

அண்ணாவி மேளத்தை மாட்டிக்கொண்டு நாலாம் வருஷப் பாடத்தை அடித்தார். அண்ணாவி ஒன்று அடிக்க, பெருமாயி ஒன்று அடித்தாள். அவர் விட்ட சந்தில் இவள், இவள் விட்ட சந்தில் அவர். ஊரே தலையாட்டியது. அண்ணாவிக்கு வேர்த்தது. பன்னிரண்டாம் வருஷப் பாடத்தை எடுத்தார், மழை மாதிரி அடித்தார். அண்ணாவி ஒன்று அடிக்க, பெருமாயி ஒன்று அடித்தாள். பல்லக்குத் தூக்கிகள் ஆடினார்கள், மந்திரி ஆடினார், மந்திரியின் குடையும் ஆடியது.

அண்ணாவிக்கு வந்ததே ஆத்திரம்! "கேட்டதைத் திருப்பிச் சொல்றதுக்குக் கிளி போதுமே! பந்தயம் கெடக்கட்டும், ரெண்டு கையாலயும் இதை அடிடி பாக்கலாம்!" என்று மூன்றாவதாக ஒன்றை எடுத்தார். அப்பேர்ப்பட்ட அடியை அங்கே யாரும் கேட்டதே இல்லை. நாற்பது சிஷ்யர்களும் வாயைப் பிளந்தார்கள். பாதி அடித்து, பாம்பு வளைந்த மாதிரி ஒரு வளைவு வளைத்து, சட்டென்று நிறுத்திவிட்டார். மீதி தெரியாமல் தொங்கட்டும் இவள் என்று எண்ணம்.

பெருமாயி தொங்கவில்லை. அவர் விட்ட இடத்திலிருந்து, வலது கையில் அவர் அடிக்காமல் விட்டதையும் இடது கையில் பாறையுடையதையும் சேர்த்து, வளைவை நிமிர்த்தி, உச்சிக்கு ஏற்றி, 'தகதிந்-திந்' என்று கொண்டுவந்து இறக்கினாள். முப்பது ஆடும் ஒரே நேரத்தில் குதித்தன. ராஜாவும் குதித்தான். ஊரே குதித்தது!

சத்தம் அடங்கினபோது மூத்த சிஷ்யன் பொன்னுரங்கம் எழுந்து நின்றான். "அண்ணாவி, இது எந்த வருஷத்துப் பாடம்?"

அண்ணாவி குனிந்து மேளத்தின் வாரை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"பன்னிரண்டு வருஷம் முடிச்சிட்டேன். மாடு குடுத்தேன், மூணு வருஷம் தண்ணி சுமந்தேன். எனக்கு இதைச் சொல்லித்தரவே இல்லியே?"

"எங்களுக்கும் தரலியே!" என்றார்கள் மீதி முப்பத்தொன்பது பேரும்.

ராஜா பெருமாயியைப் பார்த்தான். "இது உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"விடிகாலையில இவங்கல்லாம் பாடத்துக்கு வாரதுக்கு முன்னாடி, ஒத்தையில இதைத்தான் அடிப்பாரு சாமி. பன்னிரண்டு வருஷமா அடிக்கிறாரு. இவங்களுக்குத் தெரியாதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

ராஜா அண்ணாவி பக்கம் திரும்பினான். "காசு குடுக்காத பாறைக்குச் சொல்லிக் குடுத்திருக்கீர். மாடு குடுத்தவனுக்குச் சொல்லிக் குடுக்கலை. அடுத்தவனுக்குச் சேர வேண்டிய அடியை அமுக்கி வெச்சுக்கிட்டா என்ன தண்டனைன்னு சொன்னீர் அண்ணாவி? எனக்கு மறந்துபோச்சு."

அண்ணாவிக்கும் மறந்துபோன மாதிரிதான் இருந்தது. ஆனால் ஊருக்கு ஞாபகம் இருந்தது. "தண்ணி! பன்னிரண்டு வருஷம்! பறிகொடுத்தவன் வீட்டுக்கு!"

பறிகொடுத்தவர்கள் நாற்பது பேர். வீட்டுக்குப் பன்னிரண்டு வருஷம். கணக்குத் தெரிந்தவர்கள் போட்டுக்கொள்ளுங்கள். போகிற போக்கில் பெருமாயியின் குட்டியையும் தேனையும் நெய்யையும் திருப்பிக் கொடுக்கச் சொன்னான் ராஜா. குட்டி இதற்குள் கொள்ளுப்பேரன் எடுத்திருந்தது, அத்தனையும் வந்து சேர்ந்தன. சட்டத்தையும் அன்றைக்கே கிழித்துப் போட்டார்கள். கிழித்த ஓலையை ஒத்தக்கொம்பன் தின்றான்.

பள்ளிக்கூடத்துக் கதவைக் கழற்றியாயிற்று. சிஷ்யர்கள் பெருமாயியைக் கூப்பிட்டு நடுவில் உட்கார வைத்தார்கள். "அக்கா, மணிக்கட்டை இப்படி வளைச்சு அடிச்சா நாளைக்கு வலி வந்துடும், நேரா வைங்க" என்று பொன்னுரங்கம் காட்டிக் கொடுத்தான். அப்படியே செய்தாள், சுகமாகத்தான் இருந்தது. "தம்பி, உன் இடது கை தூங்குதே, எழுப்பு" என்று அவள் சொன்னாள். அவனும் எழுப்பினான். ஜன்னல் திறந்தே இருந்தது. உள்ளே நாற்பத்தொரு பேர் அடிக்க, வெளியே பாறை அடிக்க, நடுவில் ஆடுகள் ஒரு காலும் அந்தரத்தில் நிற்காமல் நடந்தன.

அண்ணாவியா? இன்னும் சுமந்துகொண்டுதான் இருக்கிறார், இன்னும் எத்தனையோ வீடு பாக்கி. மழைக்கு முன்னால் மேற்கே 'தடதட' என்று ஒன்று கேட்டு, கொஞ்சம் பொறுத்து மெதுவாக இன்னொன்று கேட்கிறதே, இடி என்றா நினைத்தீர்கள்? முதல் சத்தம் அவர் கால் தடுக்கிக் குடத்தைப் போட்டது. இரண்டாவது, பாறை அதையும் பாடமென்று நினைத்து ஒப்பித்தது.

பானையும் உடையவில்லை, ஆடும் போகவில்லை. அவர்கள் அங்கே மேளம் கொட்டட்டும், நீங்கள் இங்கே கண்ணை மூடுங்கள்.